உப்பில் அயோடின் சேர்த்த மாதிரி, ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் ஒரு மாத்திரை போதுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு பைக்கில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் நின்று மின்னும் பாத்திகள், வரப்போரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். இறங்கி ஒரு போட்டோ எடுத்து, "கலப்படமே இல்லாத கடல் உப்பு, எல்லா சத்தும் இதுலயே இருக்கு" என்று ஸ்டோரி போடுகிறவர்களும் உண்டு.

சத்து விஷயத்தில் அந்த வரி தப்பு. கடல் நீரில் அயோடின் இருக்கிறதுதான். ஆனால் வெயிலில் காய்ந்து பாத்தியில் படியும் உப்பில் அது சொல்லிக்கொள்கிற அளவுக்கு மிஞ்சுவதில்லை. மரக்காணத்தில் வாரிக் குவிக்கும் உப்பு ஆலைக்குப் போய், அங்கே பொட்டாசியம் அயோடேட் சேர்த்த பிறகுதான் 'அயோடின் உப்பு' ஆகிறது. தயாரிப்பு நிலையில் குறைந்தது 30 பிபிஎம், கடையில் வாங்கும்போது குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி.

உலகத்திலேயே அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்த ஊட்டச்சத்துச் சேர்க்கைகளில் ஒன்று இது. யாரும் மாத்திரை விழுங்கவில்லை, யாரும் சந்தா கட்டவில்லை. ரசத்தில் போட்ட உப்பு வேலையைச் செய்துவிட்டது.

இந்த வெற்றியைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வருகிறது. சுரங்கக் கழிவு, ஆலைக் கழிவு கிடக்கும் ஊர்களில் ஈயம், ஆர்சனிக் என்று நச்சு உலோகங்கள் உடம்பில் ஏறுகின்றன. அங்கே இருக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு சத்தைக் கொடுத்துக் காப்பாற்ற முடியாதா? இன்ஸ்டாகிராமில் 'ஹெவி மெட்டல் டீடாக்ஸ்' என்று பவுடர் விற்கிறவர்கள் முடியும் என்கிறார்கள். ஆய்வுகள் சொல்வது வேறு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அயோடின் ஏன் ஜெயித்தது?

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அங்கே பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்குக் கழுத்தில் கழலை. ஒரு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பும், இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பும் போனது. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடத்தில் கழலை ஏறக்குறைய பாதியானது. சாதா உப்பு போன இடத்தில் அப்படியே இருந்தது. இந்தியாவின் அயோடின் உப்புத் திட்டத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழலைக்குக் காரணம் ஒரு பொருள் உடம்பில் இல்லாதது. இல்லாததைக் கொடுத்தார்கள், நோய் குறைந்தது. ஈயமோ ஆர்சனிக்கோ அப்படியில்லை. இருக்கக் கூடாத ஒன்று உள்ளே வந்துகொண்டே இருப்பதுதான் அங்கே பிரச்னை. குழாய் ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம், அது உபயோகம் இல்லாத வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் துடைப்பதற்குப் பெயர் குழாய் ரிப்பேர் இல்லை.

தமிழர்களுக்குத் தெரிந்த கைவிடப்பட்ட சுரங்கம்

மரக்காணத்தில் சுரங்கம் இல்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு நெருக்கமான ஒரு சுரங்க ஊரைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் கோலார் தங்கவயலைத்தான் சொல்வார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியதிலிருந்து வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகப் போனவர்கள் அங்கே உண்டு. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. இன்று அந்த ஊர் இளைஞர்களில் பலர் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள்.

சுரங்கம் போனாலும் அதன் கழிவு போகவில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண், 13 மேடுகளாக இன்னும் நிற்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். சினிமா ஷூட்டிங்குக்கு நல்ல லொக்கேஷன் என்று பெயர் வாங்கிய அதே மேடுகள்தான். ஊரில் 'சயனைடு மேடு' என்பார்கள். உண்மையில் சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடக் கூடியது. உலோகம் சிதையாது. கோலார் தாதுவின் ஒரு பகுதியில் ஆர்சனிக் கலந்த கனிமமும் உண்டு. தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். காற்று அடிக்கும் மாதங்களில் அந்த நைஸான தூசி வீட்டுக்குள்ளே வரும்.

அந்தத் தூசியில் இன்னொன்றும் இருக்கிறது: சிலிக்கா. பல ஆண்டுகள் அதைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த சிலிகோசிஸுக்கு, நுரையீரலில் விழுந்த தழும்பைத் திருப்பி எடுக்கும் மருந்து கிடையாது. எந்த வைட்டமினும் அங்கே ஒன்றும் செய்யப் போவதில்லை. சத்து மாத்திரையின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேட வேண்டியதில்லை.

அப்போ மாத்திரை சுத்த வேஸ்ட்டா?

இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

குடலில் இரும்புச் சத்தை உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. டிஎம்டி1 என்று பெயர். உடம்பில் இரும்பு குறைந்தால், கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் விட்டுவிடாமல் பிடிக்க வேண்டும் என்று உடம்பு இந்தப் புரதத்தை அதிகமாக உண்டாக்கும். பிரச்னை என்னவென்றால், இந்த வாசலில் இரும்பு மட்டும் நுழைவதில்லை. ஈயமும் நுழையும், காட்மியமும் நுழையும். அதாவது, ரத்தசோகை இருக்கும் குழந்தை அதே மண்ணில், அதே தூசியில் விளையாடினாலும் பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட அதிக ஈயத்தை உள்ளே வாங்கும். கால்சியம் குறைவாக இருந்தாலும் இதே கதைதான். ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்பு.

வறுமையும் விஷமும் கூட்டணி வைக்கும் இடம் இது. குப்பை மேட்டுக்கும் ஆலைச் சுவருக்கும் பக்கத்தில் வீடு கட்டிக்கொள்கிறவர்கள் யார் என்று பார்த்தால், ரத்தசோகை யாருக்கு அதிகம் என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

சரி, இரும்புச் சத்தைக் கொடுத்தால் ஈயம் குறையுமா? கோலாரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூருவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 5 முதல் 9 வயது வரையுள்ள 134 பள்ளிக் குழந்தைகள். ஒரு குழுவுக்கு மதியச் சாப்பாட்டில் இரும்புச் சத்து சேர்த்த அரிசி, ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் கணக்கில். இன்னொரு குழுவுக்குச் சாதா அரிசி. 16 வாரம். 2006-ல் வெளியான முடிவு இது: தொடக்கத்தில் இரும்புக் குழுவில் 65 சதவீதக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தது. கடைசியில் அது 29 சதவீதமாக இறங்கியது. மாத்திரைகூட இல்லை, வெறும் சோறு.

இதோடு நிறுத்தினால் டீடாக்ஸ் விளம்பரத்துக்கு நல்ல மேட்டர் கிடைத்துவிடும். அதே 2006-ல் மெக்சிகோவின் டோரியோன் நகரிலிருந்து வந்த முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே ஈயம் உருக்கும் பெரிய ஆலை ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியில் முதல் வகுப்புப் படிக்கும் சுமார் 600 குழந்தைகளுக்கு ஆறு மாதம் இரும்பு, ஜிங்க், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈயம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. படிப்பிலும் நினைவாற்றலிலும் நீடித்த முன்னேற்றம் இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பெங்களூரு குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு இரும்புப் பற்றாக்குறை இருந்தது. டோரியோனில் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஈயம் கொட்டும் இடம் பக்கத்திலேயே இருந்தது. திறந்து கிடந்த வாசலைச் சாத்தினால் பலன் தெரியும். ஏற்கெனவே சாத்தியிருக்கும் வாசலை மறுபடி மறுபடி சாத்துவதில் என்ன இருக்கிறது? பெங்களூருவிலும் மீதி 29 சதவீதக் குழந்தைகளை மறந்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் இன்று நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 5 மைக்ரோகிராம். அந்தக் குழந்தைகள் 16 வாரம் இரும்புச் சோறு சாப்பிட்ட பிறகும் அதைப்போல இரண்டு மடங்கில்தான் இருந்தார்கள்.

ஆர்சனிக் கதையும் இதே மாதிரிதான்

உடம்பு ஆர்சனிக்கைச் சிறுநீரில் வெளியேற்ற, அதை முதலில் வேதி மாற்றம் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலேட் தேவை. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைபாடு இருந்த 130 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது, ரத்தத்தில் ஆர்சனிக் சராசரியாக 14 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் குறைபாடு இருந்தவர்களுக்கு என்பதும், 14 சதவீதம் என்பதும் ஃபார்வர்டு மெசேஜில் வருவதே இல்லை.

ஸ்பைருலினா விற்கிறவர்கள் காட்டும் ஆய்வும் வங்கதேசத்திலிருந்துதான். ஆர்சனிக் பாதிப்பு இருந்த 41 பேர், 16 வாரம், ஸ்பைருலினா சாறும் ஜிங்க்கும். முடியில் ஆர்சனிக் பாதியளவுக்கு இறங்கியது என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அந்த ஆய்வில் எல்லோர் வீட்டுக்கும் முதலில் தண்ணீர் ஃபில்டர் கொடுத்தார்கள் என்பதை ஏனோ போட மாட்டார்கள். நல்ல தண்ணீர் கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்த ஆய்வு அது. கெட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேப்ஸ்யூல் போடலாம் என்று அதிலிருந்து முடிவு கட்டினால், அது ஆய்வின் தப்பு இல்லை.

மூடிய சுரங்கத்துக்கு மிக நெருக்கமான முயற்சி அமெரிக்காவில் நவாஹோ பழங்குடியினர் நிலத்தில் நடக்கிறது. 1944 முதல் 1986 வரை அங்கிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டி எடுக்கப்பட்டது. அணுகுண்டுக்கும் பனிப்போருக்கும் போன தாது. 500-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அப்படியே கைவிடப்பட்டன. யுரேனியமும் ஆர்சனிக்கும் தண்ணீரிலும் தூசியிலும் கலந்தன. நம் டிஎன்ஏவில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யும் புரதங்கள் சிலவற்றில் ஜிங்க் அணு ஓர் ஆணி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆர்சனிக் வந்து அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும், புரதம் வேலை செய்யாது. ஜிங்க்கை அதிகமாகக் கொடுத்தால் ஆணி திரும்ப இடத்துக்கு வருமா என்பதுதான் நியூ மெக்சிகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மக்களோடு சேர்ந்து நடத்தும் 'திங்கிங் ஜிங்க்' சோதனையின் கேள்வி.

இந்த முயற்சியைக் குறை சொல்ல முடியாது. 500 சுரங்கத்தைச் சுத்தம் செய்ய எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். அதுவரை அங்கே பிறக்கும் குழந்தையிடம் "பொறுத்துக்கோ" என்று சொல்வதா? கையில் இருப்பதைக் கொடுத்துப் பார்ப்போம் என்பது நியாயமான வாதம். மாத்திரைக்கு ஆதரவான வலுவான வாதமே இதுதான். பிரச்னை, இடைக்கால ஏற்பாடு என்று தொடங்கியது நிரந்தர ஏற்பாடாக மாறும்போது வருகிறது. மாத்திரை கொடுத்தாச்சு, கேஸ் முடிஞ்சது என்று கழிவைக் கொட்டியவர் கிளம்பிவிட்டால், விஷத்தைச் சமாளிக்கும் பொறுப்பு தினமும் காலையில் மாத்திரை விழுங்கும் அம்மாவின் தலையில் வந்து விழுகிறது.

உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது?

2021-ல் வெளியான ஈய நச்சு வழிகாட்டியில் வரிசை தெளிவாக இருக்கிறது. ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமைத் தொட்டால், முதல் வேலை அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்துவது. அதன் பிறகுதான் சத்து. அதுவும் எல்லோருக்கும் இல்லை. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தை, அந்தக் குழந்தையின் சாப்பாட்டில் இரும்போ கால்சியமோ போதவில்லை என்றால் கொடுக்கலாம். உலோகத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியேற்றும் 'கீலேஷன்' மருந்து, குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம் அளவில்தான் பேச்சுக்கே வருகிறது. அதுவும் டாக்டர் கண்காணிப்பில் மட்டும். ஆன்லைனில் ஆர்டர் செய்து வீட்டில் போட்டுக்கொள்கிற சமாசாரம் இல்லை.

இந்தியாவுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டது.

காசு கொடுத்து விஷம் வாங்கலாமா?

டீடாக்ஸ் பாட்டிலில் வேறு ஒரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்காவில் இணையம் வழியாக விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. உலோகத்தை வெளியேற்ற வாங்கியது உலோகத்தையே கொண்டுவந்தால் என்ன செய்வது? மஞ்சளும் தப்பவில்லை. பளிச்சென்று நிறம் வர லெட் குரோமேட் பூசிய மஞ்சள் வங்கதேசத்திலும் பாட்னா சந்தையிலும் பிடிபட்டிருக்கிறது.

கொத்தமல்லி ஜூஸ்? ரசத்தில் போட்டுக்கொள்ளலாம், மணமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஜிங்க் மாத்திரையை அளவில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். இரும்பு மாத்திரைப் பாட்டில் சின்னக் குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஏற்கெனவே கையில் இருப்பது

தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாமே இரும்புக் குறைபாட்டால் வருவது இல்லை என்றாலும் பெரும்பங்கு அதுதான். அதாவது டிஎம்டி1 வாசல் பாதி வீடுகளில் திறந்தே கிடக்கிறது.

அதைச் சாத்தும் ஏற்பாடும் நம்மிடம் உண்டு. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பிள்ளைகளுக்குப் பிங்க், பெரிய பிள்ளைகளுக்கு நீலம். பிங்க்கில் 45 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். நீலத்தில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். வாந்தி வருகிறது என்று பாதிப் பேர் ஜன்னல் வழியே வீசிய அதே மாத்திரை. ஆய்வுகள் பேசும் அந்த இரண்டு சத்தும் அதில் இருக்கிறது, இலவசமாக. சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். டீயோடு போட்டால் பாதி வீண்.

உப்பும் இருக்கிறது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம், அயோடினோடு இரும்பும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கிறது. சத்துணவுக் கூடங்களுக்கும் அது போகிறது. பெங்களூரு அரிசி செய்ததை இந்த உப்பும் செய்ய வாய்ப்பு உண்டு. கழிவு மேடுகள் இருக்கும் ஊர்களின் பள்ளிகளில் குழந்தைகளின் ரத்தத்தை ஈயத்துக்காகச் சோதித்து, இந்த உப்பும் மாத்திரையும் எவ்வளவு உதவுகின்றன என்று அளந்து பார்ப்பது அரசால் முடியாத காரியம் இல்லை.

அளக்க வேண்டிய ஊர்களுக்கும் பஞ்சமில்லை. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு, மூன்று பத்தாண்டுகளாக மழைக்குக் கரைந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருக்கிறது. வைட்டமின் சி, ஆபத்தான குரோமியத்தை ஆபத்து குறைந்த வடிவத்துக்கு மாற்றும் என்பது வேதியியலில் உண்மை. அதற்காக ஓர் ஊர் முழுக்க எலுமிச்சை ஜூஸ் குடித்தால் கழிவு மேடு கரையாது.

கோலாரில் அவசரம் இன்னும் அதிகம். அந்த 13 மேடுகளிலும் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறது. 1,003 ஏக்கரில் இருக்கும் அந்தக் கழிவை மறுபடி தோண்டும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேலே இறுகிக் கிடக்கும் மண்ணைப் புல்டோசர் கிளறும்போது அடியில் இருக்கும் மாவுத் தூசி வெளியே வரும். வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் ஊர் அது, வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. முதல் லாரி கிளம்புவதற்கு முன்னால் அங்கிருக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமும் சிறுநீரில் ஆர்சனிக்கும் எவ்வளவு என்று அளந்து எழுதி வைத்தால்தான், ஐந்து வருஷம் கழித்து ஏறியதா இறங்கியதா என்று கேட்க ஓர் எண்ணாவது கையில் இருக்கும். அந்தச் சோதனைக்கான செலவு ஏலம் எடுக்கும் கம்பெனியின் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.